ஈறோரம் அடைத்த பற்கள்

என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் பொம்மிடியிலிருந்து திரும்பிய வேனில், என் மாமியார் பெண்ணின் நிறத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "பல்லப் பாத்தியா? அரிசியக் கோத்து வெச்ச மாதிரி," என்று தருமபுரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். சன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் உதட்டை மூடிக்கொண்டு வெளியே பார்த்தேன்.

நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் அப்போது போர்வெல் தண்ணீர்தான். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல் முளைக்கும்போதே காவிக் கோடு விழுந்துதான் முளைக்கும். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரே அந்தப் பல்லோடு இருந்ததால் எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. இண்டூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் தெரியவில்லை. இங்கேயும் என்னைப் போன்ற பல்லோடு தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். கொழுந்தன் மனைவி வந்து சேர்ந்த பிறகுதான், சிரிப்பு வந்தால் என் கை தானாக வாய்க்குப் போக ஆரம்பித்தது.

அவளுடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். குவார்ட்டர்ஸ் மாறி மாறிப் பல ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் அவள். யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவாள். சிரித்தால் மேல்வரிசை முழுக்க ஈறு வரைக்கும் தெரியும். பால் ஊற்ற வருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், என் மாமியார், நான் பெற்ற மகள் எல்லோரும் அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே ஏதாவது சொல்வார்கள். நான் பக்கத்து ஊர் கிளைத் தபாலாபீசில் வேலை பார்த்தேன். ஜனங்களோடு பேசிக்கொண்டே இருக்கிற வேலை. உதட்டைப் பாதி மட்டும் திறந்து பேசப் பழகிக்கொண்டேன். "போஸ்ட்டாபீசு அம்மா கறாரான ஆளு, சிரிக்கவே சிரிக்காது" என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

எங்களுடையது ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி அண்ணன் தம்பிக்கு ஆளுக்குப் பாதியாக்கியிருந்தார்கள். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி மட்டும் பொது. காலையில் இரண்டு பேரும் அங்கே நின்றுதான் பல் துலக்குவோம். அவள் துலக்குவதைப் பார்த்தால் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவது போல இருக்கும். மயிர் விறைப்பான பிரஷ்ஷை வாங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்து இழுத்துத் தேய்ப்பாள். பல் அவ்வளவு வெள்ளையாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைத்து நானும் அதே பிரஷ் வாங்கி அதே மாதிரி தேய்த்தேன். என் காவி போகவில்லை. மேல்வரிசையில் இடது பக்கப் பல்லில், ஈறு ஆரம்பிக்கிற இடத்தில், நகம் மாட்டுகிற மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் மண்டை வரைக்கும் கூசியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வெதுவெதுப்பான தண்ணீராகக் குடித்துக்கொண்டு, மறு பக்கத்தில் மென்று காலம் தள்ளினேன்.

அதற்கப்புறம் ஒரு சித்திரை வெயிலில், ஐஸ் வண்டிக்காரரிடம் வாங்கிய குச்சி ஐஸைக் கடித்த என் ஓரகத்தி, "அய்யோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீடே கூடிவிட்டது. "என்னா ஆச்சு கண்ணு?" என்று என் மாமியார் ஓடி வந்தார்.

"பல்லுங்க அத்தை. ஊசி ஏத்துன மாதிரி இருக்குது."

"அந்தப் பல்லுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. நாளைக்கே தருமபுரிக்குக் கூட்டினு போயி காட்டுடா," என்றார் மகனிடம்.

"நாளைக்கு மாங்கா லோடு ஏத்தணும். அண்ணிய கூட்டினு போவச் சொல்லும்மா," என்றான் கொழுந்தன்.

அப்படித்தான் நான் லீவு போட்டு அவளுக்குத் துணையாகப் போனேன். இத்தனை நாளும் அதே இடத்தில் அதே கூச்சத்தோடு இருந்தவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை என்பது நிஜம்தான். ஆனாலும் பஸ்ஸில் போகும்போது, இவள் ஒரு ஐஸ் கடித்ததற்கு ஊரே கூடுகிறதே என்றுதான் மனசு பொருமியது.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். முகத்தில் மாஸ்க் இருந்தாலும் கண்ணாலேயே சிரிக்கிற மாதிரி பேசினார். என் ஓரகத்தியை நாற்காலியில் சாய்த்து, கொக்கி மாதிரி ஒரு கம்பியால் ஈறோரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பூச்சி கெடையாதுங்க. அழுத்தித் தேய்ச்சுத் தேய்ச்சுப் பல்லு அறுந்து பள்ளமாயிருக்குது. ரெண்டு பல்லுல இருக்குது. பல்லு கலர்லயே பேஸ்ட் வெச்சு அடைச்சுடலாம். அடைச்சதே தெரியாது."

"அக்காவுக்கும் பாருங்க டாக்டர்," என்றாள் அவள், வாயில் பஞ்சோடு. நான் கேட்கவே இல்லை. இவளுக்கு எப்படித் தெரியும் என்று திரும்பிப் பார்த்தேன். "தொட்டியாண்ட வாய் கொப்பளிக்கறப்ப அக்கா மொகம் சுளிக்கும். பாத்திருக்கறன்."

அவள் கவனித்திருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இதிலும் நல்ல பெயர் இவளுக்குத்தானா என்றுதான் வந்தது.

டாக்டர் என் வாயையும் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம்? பென்னாகரமா? அதான பாத்தன்," என்றார். எனக்கும் இரண்டு பல்லில் பள்ளம். பிறகு, நெயில் பாலிஷ் கடையில் வைத்திருப்பது போல வரிசையாகப் பல் மாதிரிகள் செருகிய ஒரு பட்டையை எடுத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. என் ஓரகத்திக்கு ஒன்றை வைத்ததுமே பொருந்திவிட்டது. எனக்கு ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுத்தார். கடைசியில் பழுப்பு ஓடிய ஒன்றில் நிறுத்தினார்.

"இது வேணாங்க. அவளுக்கு வெச்ச கலரே எனக்கும் வைங்க," என்றேன்.

"உங்க பல்லுக்கு அது ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுங்க."

"பரவால்லீங்க."

டாக்டர் பட்டையைக் கீழே வைத்தார். "கலர் உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்லிடறன். இந்தத் தண்ணி குடிச்ச பல்லுல இந்தப் பேஸ்ட் அவ்ளோ சுலபமா புடிக்காது. ஈறுலருந்து ரத்தமும் கசியுது. ஈரம் பட்டா ஒட்டாது. முடிஞ்சவரைக்கும் பாக்கறன்."

அவளுக்கு அடைத்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்துக்குள் பஞ்சுச் சுருளை வைத்து, பல்லைக் காயவைத்து, ஏதோ தடவிக் கழுவி, மெல்லிய பேஸ்ட்டை வைத்து நீல வெளிச்சம் காட்டினார்கள். மறுபடி வைத்து மறுபடி வெளிச்சம். சீக்கிரம் முடிந்துவிட்டது. கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் சிரித்துப் பார்த்துக்கொண்டாள். பள்ளம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. எனக்கு ரத்தம் நிற்பதற்காக ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகிவிட்டுக் காத்திருந்தார்கள். எடுத்தால் மறுபடி கசிந்தது. டாக்டர் பொறுமையாகத்தான் செய்தார். முடிந்து கண்ணாடியில் பார்த்தபோது, காவிப் பற்களின் ஈறோரத்தில் பிறை மாதிரி இரண்டு வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. டாக்டர் சொன்னபடியே இருந்தது. ஆனால் கூச்சம் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் சில்லென்று மோர் வாங்கிக் குடித்தோம். அன்றைக்கு மட்டும் அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போது, காலையில் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரோடு வெள்ளையாக ஒரு துணுக்கு தொட்டி விளிம்பில் விழுந்தது. நொய்யரிசி அளவுதான் இருக்கும். நாக்கால் தடவினேன். பள்ளம் பழையபடி அங்கே இருந்தது.

"உன்னுது எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். "அப்படியே இருக்குதுக்கா. அடைச்சதே மறந்து போச்சு."

ஒரே டாக்டர், ஒரே நாற்காலி, ஒரே பேஸ்ட். அவளுக்கு நின்றது, எனக்கு விழுந்தது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்பதெல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு நல்ல பேஸ்ட்டை வைத்துவிட்டு மிச்சத்தை எனக்கு வைத்திருப்பார்கள் என்றுகூட நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் தபாலாபீஸ் முடிந்ததும் பஸ் ஏறிப் போய் மறுபடி அடைத்துக்கொண்டு வந்தேன். அது நிற்கும்போதே, பக்கத்துப் பல்லில் அடைத்தது ஒருநாள் களி உருண்டையோடு போய்விட்டது. விழுங்கிவிட்டேன் போல. அதன் பிறகு நான் டாக்டரிடம் போகவில்லை. போனால் என் வாயில்தான் கோளாறு என்று முடிவாகிவிடும் என்று பயமாக இருந்தது.

அதற்குப் பதிலாக அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சிரிக்கும்போதெல்லாம் என் கண் அவளுடைய மேல்வரிசை இடது பக்கத்துக்குப் போகும். பொங்கலுக்குக் கரும்பு வந்தது. வாசலில் உட்கார்ந்து, கணுவைக்கூட விடாமல் பல்லாலேயே உரித்து உரித்துச் சாப்பிட்டாள். என் மகள் சித்தியின் மடியில் சாய்ந்துகொண்டு, "சித்தி, எனக்கும் உரிச்சுக் குடு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தியால் துண்டு போட்ட கரும்பைத் தட்டில் வைத்துக்கொண்டு, இந்தக் கடிக்கு விழும், அடுத்த கடிக்கு விழும் என்று பார்த்திருந்தேன். கரும்பு முழுக்கத் தீர்ந்தது. எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடைத்த இரண்டும் அப்படியே இருந்தன.

வருஷம் திரும்பியதும், அடைத்ததெல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வரும்படி கிளினிக்கிலிருந்து போன் வந்தது. அவள்தான் எடுத்தாள். எனக்கு வந்த போனை நான் எடுத்திருக்கவில்லை. "ரெண்டு பேரும் போலாம் வாக்கா," என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் முதலில் அவளைப் பார்த்தார். கம்பியின் முனையை அடைப்பின் விளிம்பில் ஓட்டிப் பார்த்தார். "நல்லா நிக்குது. ஓரத்துல லேசா ஒரு கோடு மாதிரி கறை, அவ்ளோதான்." பிறகு அவர் குரல் மாறியது. "ஆனா ஈறு இன்னும் மேல ஏறியிருக்குது. மெதுவா தேய்ங்க, சாஃப்ட் பிரஷ் வாங்குங்கன்னு சொன்னன் இல்லீங்களா? இப்படியே தேய்ச்சா அடைச்சதுக்கு மேல புதுசா பள்ளம் வுழும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு என் முறை. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணு ஆடுது. ஏங்க வரல?" என்று கேட்டார். நான் வேலை என்றேன். கோரைப்பல்லின் முனையைத் தொட்டுக் காட்டி, "இது கூர்மையா இருக்கணும், தேஞ்சு தட்டையா இருக்குது பாருங்க," என்றார். காதுக்குக் கீழே, தாடையில் விரலை வைத்து அழுத்தினார். வலியில் உயிர் போயிற்று.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா?"

"இல்லீங்களே."

"கடிக்கும் டாக்டர்," என்றாள் என் ஓரகத்தி, பின்னாலிருந்து. "நான் படுக்கற எடம் சுவத்துக்கு இந்தாண்ட. அக்கா அந்தாண்ட. நறநறன்னு எனக்குக் கேக்கும். ரொம்ப நாளா கேக்குது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"என்னா கவலையோ, கேட்டா சங்கடப்படுவியோன்னு வுட்டுட்டன்."

டாக்டர் இதில் ஒன்றும் தலையிடாமல் விளக்கினார். இறுக்கிக் கடிக்கும்போது பல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அந்த வளைவு விழுகிற இடம் ஈறோரம். அங்கே ஒட்டியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்துவிடும். ஏற்கெனவே என் பல்லில் பிடிப்பு குறைவு. அதற்கு மேல் இது.

"எத வேணா வெச்சு அடைக்கலாம். நீங்க கடிக்கறத நிறுத்துனாதான் நிக்குங்க," என்றார்.

எதனால் கடிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய்தான் சொல்லியிருப்பேன். அவள் பின்னாலேயே நின்றிருந்தாள்.

அன்றைக்கு எனக்கு வேறு பொருளை வைத்தார். இது பளபளக்காது, பார்க்கச் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், ஆனால் பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும் என்றார். கலர் பட்டையை அவர் எடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ராத்திரியில் பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப் செய்வதற்காக, மாவு மாதிரி ஒன்றைக் கடிக்கவைத்து அளவும் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊசி போட்டதில் எனக்கு உதடு மரத்திருந்தது. அவள் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர் சொல்ற மாதிரி தேச்சாத்தான் என்ன? அவ்ளோ அழுத்தி யாரு தேய்க்கச் சொன்னாங்க?" என்று கேட்டேன். என் குரலில் கண்டிப்புதான் இருந்தது. நல்ல பல்லை வைத்துக்கொண்டு கெடுக்கிறாளே என்ற எரிச்சல்.

"கல்யாணம் ஆன புதுசுலக்கா," என்றாள். கிளாஸைப் பார்த்தபடியே பேசினாள். "ஒருநாள் பக்கத்துல போனன். இவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. வாயி நாறுதுன்னு சொன்னாரு. ஒரு தடவதான் சொன்னாரு. அதுக்கப்பறம் சொல்லவே இல்ல. ஆனா எனக்கு ஒவ்வொரு தடவையும் அவரு சொல்லப் போறாருன்னே இருக்கும். அதான் தேய்க்கறன். காலையில, மத்தியானம், சாயங்காலம். ரத்தம் வந்தாத்தான் சுத்தமான மாதிரி இருக்குது."

அத்தனை வருஷமாக அந்தத் தொட்டியோரத்தில் அவளைப் பார்த்து நான் பழகிக்கொண்டது இதைத்தான். என் வீட்டுக்காரர் என் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகத்தைத் திருப்பியதும் இல்லை. அதை நான் ஒருநாளும் ஒரு பெருமையாக எண்ணியதில்லை. என்னை அவர் சரியாகப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் சொல்வதில்லை என்று நினைத்திருந்தேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள், "உன் உதடு ஒரு பக்கமா கோணிக்கினு இருக்குதுக்கா," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த மேசையில் இருந்தவரும் பார்த்தார். அவள் அப்படித்தான், துக்கத்தைச் சொல்லி முடித்த வாயாலேயே கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பாள். அந்த நிமிஷமும் எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. அவளுக்காக மனசு வலித்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஊருக்கு வந்ததும் கடையில் மயிர் மெத்தென்ற பிரஷ் இரண்டு வாங்கினேன். ஒன்றை அவளுடைய டப்பாவில் போட்டேன். சில நாள் அதில் தேய்ப்பாள், சில நாள் பழையதை எடுத்துவிடுவாள். நான் பார்த்தால் கையை மெதுவாக்குவாள். கொழுந்தனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அது என் கேள்வி இல்லை என்று தோன்றியது. ஆனால் அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போடும்போது என் கை முன்போல் தாராளமாக இல்லை.

கிளிப் வந்தது. முதல் நாள் வாயில் குதிரைக்குக் கடிவாளம் போட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "என்னாது இது, பேசவும் முடியாதா?" என்றார். முடியாது என்று தலையாட்டினேன். "அப்ப நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு, என் முகம் மாறியதைப் பார்த்து, "வெளயாட்டுக்குச் சொன்னன்," என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த டாக்டர் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். இந்த வருஷம் ஒரு நாள் காலையில், என் ஓரகத்தி தொட்டியோரத்தில் அசையாமல் நின்றாள். உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள். வெள்ளையாக ஒரு துணுக்கு இருந்தது.

அதே கிளினிக்குக்குப் போனோம். இப்போது அங்கே நடுத்தர வயதுள்ள ஒரு டாக்டர். அவளுக்கு ஒன்று விழுந்துவிட்டது, மற்றதன் ஓரத்தில் கறை ஏறிப் பிளவு விட்டிருக்கிறது, இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும் என்றார். பிறகு என் வாயைப் பார்த்தார். லைட்டை இழுத்து மறுபடி பார்த்தார்.

"இது எப்ப போட்டதுங்க? நல்லா புடிச்சிருக்குது. இந்த மாதிரி பல்லுல இவ்ளோ நாளு நிக்கறது பெருசு. நெறந்தான் கொஞ்சம் மங்கல், மத்தபடி கை வெக்கவே வேணாம்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில்லாத முகத்தோடு, கண் சுருங்கி, என் இடது பக்கத்து மேல்வரிசையையே பார்த்தாள். ஒரு வினாடி இருக்கும். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து, ஊசி போடும்போது கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியபோது அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. வலித்தாலும் கையை எடுக்கவில்லை.

"மெதுவா தேய்ங்கம்மா இனிமே," என்றார் டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர், நான் சொன்னா கேக்கறதில்ல," என்றேன் நான், வாயை முழுசாகத் திறந்து.